பழைய படம் எங்கே? - ஸ்கேன் ரிப்போர்ட்டை வாசிக்கும் முறை

திருத்தங்கல் பக்கத்து அக்கா ஒருவர். தீப்பெட்டி ஆபீசில் வேலை. மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று கீமோ ஊசி முடிந்து, ஸ்கேன் எடுத்து, கவரை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மகன் வாசிச்சுச் சொல்லிட்டான் சார். ப்ரோக்ரஸ்னு போட்டிருக்காம். நல்லதுதான?"

மகன் பதினொன்றாம் வகுப்பு. அவனுக்குத் தெரிந்த ப்ரோக்ரஸ், பள்ளிக்கூடத்து ப்ரோக்ரஸ் கார்டு. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்ததோ 'ப்ரோக்ரஸிவ் டிசீஸ்'. முன்னேறியிருந்தது நோய்.

பையன் மேல் தப்பில்லை. ரிப்போர்ட் எழுதுகிறவர் இன்னொரு டாக்டருக்கு எழுதுகிறார், நமக்கு எழுதவில்லை. நானும் டாக்டர் இல்லை, பல வருடம் ஸ்கேன் அறையில் படம் எடுத்தவன். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. ஆனால் டாக்டர் முன்னால் உட்காரக் கிடைக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகலாம்.

முதலில் ஏமாற்றுகிற சொற்கள். 'இன்டர்வல்' என்று வரும். சினிமா இடைவேளை இல்லை, போன ஸ்கேனுக்கும் இந்த ஸ்கேனுக்கும் நடுவில் உள்ள காலம். 'இன்டர்வல் டிக்ரீஸ்' என்றால் போன தடவையைவிடக் குறைந்திருக்கிறது. 'ரிக்ரஷன்' காதுக்குக் கெட்ட சொல்லாகப் படும். கட்டி பின்வாங்குகிறது என்று பொருள், நல்லது. 'அன்ரிமார்க்கபிள்' என்றால் அந்த உறுப்பில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை, அதுவும் நல்லது. 'நெக்ரோசிஸ்' என்றால் கட்டியின் உட்பகுதி செத்துப் போயிருக்கிறது. மருந்து வேலை செய்ததாலும் இருக்கலாம், கட்டி தானாகவே உள்ளே அழுகியதாலும் இருக்கலாம், டாக்டரைத்தான் கேட்க வேண்டும். 'இன்டிடெர்மினேட்' என்றால் இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியவில்லை. இதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மறந்துவிடவும் வேண்டாம். "இதை மறுபடி எப்ப பாக்கணும்?" என்று கேட்டுத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

'ஸ்டேபிள் டிசீஸ்' என்ற சொல்லைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். "மூணு ஊசி போட்டும் அப்படியேதான் இருக்கா?" என்று வீட்டில் எல்லோரும் தளர்ந்து போவது இந்தச் சொல்லுக்குத்தான். உடம்பில் பல இடத்துக்குப் பரவிய நோயில், வளராமல் நிற்பது மருந்தின் வெற்றிதான். நிறுத்தி வைத்திருக்கிற மருந்தைக் குறையவில்லையே என்று நாமாகக் கைவிட்டுவிட்டு நாட்டு மருந்து தேடிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப்போல வருத்தம் தந்த விஷயம் எனக்கு வேறில்லை.

கூட்டிக் கழிக்கும் கணக்கு

கட்டி குறைந்ததா, கூடியதா என்பதற்கு உலகம் முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் ரெசிஸ்ட். 2000இல் வந்தது, 2009இல் திருத்தினார்கள். முதல் ஸ்கேனில் அளக்கத் தகுந்த கட்டிகளைத் தேர்ந்தெடுப்பார்கள்: மொத்தம் ஐந்துக்கு மேல் போகாது, ஓர் உறுப்பில் இரண்டுக்கு மேல் போகாது. ஒவ்வொன்றின் மிக நீளமான விட்டத்தையும் எடுத்துக் கூட்டினால் ஒரு தொகை வரும். அந்தத் தொகைதான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மருந்து தொடங்குமுன் நுரையீரலில் 42 மி.மீ., 30 மி.மீ. என்று இரண்டு கட்டி, கல்லீரலில் 28 மி.மீ. ஒன்று. கூட்டினால் 100. மூன்று ஊசிக்குப் பிறகு 30, 20, 15, கூட்டினால் 65. தொடக்கத்தைவிட 35 சதவீதம் குறைவு. 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் 'பார்ஷியல் ரெஸ்பான்ஸ்'; மருந்து கேட்கிறது. அடுத்த ஸ்கேனில் தொகை 60. அதற்கடுத்த ஸ்கேனில் 34, 22, 17, தொகை 73.

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். "நூறுல இருந்து எழுபத்து மூணு. கொறஞ்சுதான இருக்கு? ஏன் சார் மருந்தை மாத்துறாங்க?"

குறைந்ததை அளக்க ஒரு தொடக்கம், கூடியதை அளக்க வேறொரு தொடக்கம் என்பதுதான் இதற்குப் பதில். குறைந்ததா என்று பார்க்க முதல் ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும். கூடியதா என்று பார்க்க, இதுவரை எட்டிய மிகக் குறைந்த தொகையோடு ஒப்பிட வேண்டும். இங்கே அது 60. அதிலிருந்து 73க்கு வந்தால் 13 மி.மீ. ஏற்றம், ஏறக்குறைய 22 சதவீதம். 20 சதவீதத்தைத் தாண்டி, குறைந்தது 5 மி.மீ. ஏறியும் இருந்தால் 'ப்ரோக்ரஷன்'. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டு மறுபடி ஊறுகிறதா என்று பார்க்கிறவன், மழைக்காலத்து மட்டத்தையா பார்ப்பான்? கோடையில் வற்றி நின்ற இடத்திலிருந்துதான் பார்ப்பான்.

இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படாத நேரமும் உண்டு. முன்பு இல்லாத இடத்தில் நிச்சயமாகப் புதிய கட்டி ஒன்று வந்துவிட்டால், மற்றவை எவ்வளவு சுருங்கியிருந்தாலும் அது ப்ரோக்ரஷன்தான்.

30 சதவீதம் என்பது கொஞ்சமாகத் தோன்றும். அது விட்டத்தில் 30. ஒரு பொரி உருண்டையின் விட்டம் பத்திலிருந்து ஏழானால் உருண்டையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். ஏழை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், ஆயிரத்துக்கு 343 தான் வரும். அதே போல விட்டம் 20 சதவீதம் ஏறினால் கட்டியின் பருமன் ஒன்றே முக்கால் மடங்கு. எண்ணைப் பார்த்து அசட்டையாக இருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நெறிகட்டிக்கு மட்டும் விதி வேறு. நிணநீர் முடிச்சு எல்லோர் உடம்பிலும் இருப்பது; காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அதுதான். அதை நீளத்தில் அளப்பதில்லை, குறுக்கே அளப்பார்கள். குறுக்களவு 10 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் அது சாதாரண முடிச்சு. "எட்டு மில்லிமீட்டர் இன்னும் மிச்சம் இருக்கு" என்று கவலைப்பட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, "உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும்."

ஏன் 10 சதவீதம், 15 சதவீதம் எல்லாம் கணக்கில் வருவதில்லை? 1976இல் அமெரிக்காவில் மோர்டெல், ஹான்லி என்ற இருவர் ஒரு வேலை செய்தார்கள். மெத்தை மேல் பன்னிரண்டு உருண்டைகளை வைத்து, மேலே நுரை ரப்பரை விரித்து, அனுபவமுள்ள பதினாறு புற்றுநோய் டாக்டர்களைக் கூப்பிட்டுத் தடவி அளக்கச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு அளவு வந்தது. ஒரே அளவு உருண்டையை ஒரே டாக்டர் அளந்தபோதும் வேறுபட்டது. கொஞ்சம் குறைந்தது என்று சொல்வதில் பாதி கைப்பிழையாக இருக்கலாம், பெரிய மாற்றத்தைத்தான் நம்பலாம் என்ற எச்சரிக்கை அங்கிருந்து வந்தது. இன்று கைக்குப் பதில் மிஷின் அளக்கிறது. அப்போதும் கோட்டை இழுப்பது மனிதக் கைதான். 10 மி.மீ. கட்டியில் 2 மி.மீ. தள்ளிக் கோடு இழுத்தால் 20 சதவீதம் ஆகிவிடும். 5 மி.மீ. என்ற இரண்டாவது நிபந்தனை அதனால்தான்.

சிவகாசி பிரஸ்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலண்டரில் நான்கு கலரும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழ வேண்டும். ஒரு பிளேட் முடியளவு நகர்ந்தாலும் முருகனுக்கு இரண்டு உதடு. மூலையில் உள்ள கூட்டல் குறியை லென்ஸ் வைத்துப் பார்த்து ரிஜிஸ்டர் சேர்ப்பார்கள். இரண்டு ஸ்கேனை ஒப்பிடுவதும் ரிஜிஸ்டர் சேர்ப்பதுதான். சி.டி. ஸ்கேன் உடம்பை வாழைத்தண்டு மாதிரி வில்லை வில்லையாக நறுக்கிக் காட்டுகிறது. போன தடவை மெல்லிய வில்லை, இந்தத் தடவை தடித்த வில்லை. போன தடவை மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தீர்கள், இந்தத் தடவை இருமிவிட்டீர்கள். போன தடவை படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு, இந்தத் தடவை சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடியதால் போடாமல். கட்டி மாறாமலே அளவு மாறிவிடும். அதனால் முடிந்தவரை ஒரே சென்டர், ஒரே வகை ஸ்கேன்.

வெளிச்சம் எல்லாம் நோய் இல்லை

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. ஆனாலும் பெட் ஸ்கேன் என்றால் இந்தப் பக்கத்து ஆட்கள் மதுரைக்குப் பஸ் ஏறுவதுதான் வழக்கம். சாத்தூரிலிருந்தும் வெம்பக்கோட்டையிலிருந்தும் விடியுமுன் கிளம்பிப் போவார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டும். ஆறு மணி நேரமாவது சாப்பிட்டிருக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம்.

பெட் ஸ்கேன் கட்டியின் அளவைவிடப் பசியைப் பார்க்கிறது. சர்க்கரையோடு லேசான கதிரியக்கம் சேர்த்து ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுக்கட்டிக்குச் சர்க்கரைப் பசி அதிகம். எங்கே சர்க்கரை சேர்கிறதோ அந்த இடம் பளிச்சென்று தெரியும். அந்த மருந்தின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகும், அதனால் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. உங்கள் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருங்கள். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் சும்மா படுத்திருக்கச் சொல்வார்கள். பேசினால் தொண்டைத் தசை பளிச்சிடும், வெற்றிலை மென்றால் தாடை பளிச்சிடும். முந்தின நாள் மூட்டை தூக்கினாலோ கட்டை அடுக்கினாலோ தோள் பளிச்சிடும். ஸ்கேனுக்கு முந்தின நாள் வேலைக்குப் போகாதீர்கள். சர்க்கரை நோயாளிகள், தாங்கள் சாப்பிடும் மாத்திரையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெட்ஃபார்மின் குடலைப் பளிச்சிட வைக்கும். வீடு திரும்பியதும் அன்று முழுக்கக் கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருந்துகொள்ளுங்கள்.

படத்தில் மூளை நெருப்பு மாதிரி எரியும். "தலைக்கு ஏறிருச்சா?" என்று அலறியவர்கள் உண்டு. மூளை எப்போதும் சர்க்கரையில் ஓடுவது, எல்லோருக்கும் அப்படித்தான். சிறுநீரகம், சிறுநீர்ப்பை, சில நேரம் இதயம் இவையும் நோய் இல்லாமலே ஒளிரும்.

ரிப்போர்ட்டில் எஸ்.யூ.வி. என்று ஒரு எண் இருக்கும், அந்த இடம் எவ்வளவு சர்க்கரையை இழுத்தது என்பதற்கு. 12லிருந்து 4 ஆனால் நல்ல இறக்கம். 4லிருந்து 4.6 ஆனால் அதில் அர்த்தம் தேட வேண்டாம். வேறு மிஷினில் எடுத்தாலே அவ்வளவு மாறும். நிணநீர்ப் புற்றான லிம்போமாவுக்கு மட்டும் எண்ணைவிட ஒப்பீடு முக்கியம். அங்கே டோவில் என்று ஒன்று முதல் ஐந்து வரை படி சொல்வார்கள். டோவில், பிரான்சில் கடற்கரை ஊர், அங்கே கூடி முடிவு செய்த முறை. கட்டியின் வெளிச்சம் கல்லீரலின் வெளிச்சத்தைத் தாண்டவில்லை என்றால் மூன்று வரை. மூன்றும் அதற்குக் கீழும் பெரும்பாலும் நல்ல செய்தி. நான்கு, ஐந்து வந்தால் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

இனி மோசடி வெளிச்சம். புண் ஆறும் இடம் பளிச்சிடும். நிமோனியா பளிச்சிடும். நம் ஊரில் முக்கியமாக டி.பி. பளிச்சிடும், அதுவும் புற்றைப் போலவே. நெஞ்சில் நெறிகட்டி திடீரென்று தெரிந்தால் மருந்து தோற்றது என்று முடிவு கட்டுமுன், ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரைக் கேட்பது நியாயமான கேள்வி. வெள்ளணு கூட ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுக்க ஒளிரும். அந்த ஊசி போட்ட தேதியை ஸ்கேன் அறையில் சொல்லிவிடுங்கள்.

கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தவர்கள் இன்னும் பொறுக்க வேண்டும். வாய், தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் முடிந்த மறுமாதமே பெட் எடுத்தால், வெந்த சதையெல்லாம் ஒளிரும். பன்னிரண்டு வாரம் கழித்து எடுப்பதுதான் சரி. பட்டாசுக்காரர்கள் பாஷையில் சொன்னால், பேன்சி வெடி வெடித்த கையோடு அதன் குழாயைத் தொடாதே. மருந்து எரிந்து முடிந்தாலும் சூடு இருக்கும்.

எலும்பு இன்னொரு வேடிக்கை. மருந்து கேட்கத் தொடங்கியதும் அரித்த எலும்பில் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாகும். முன்பு படத்தில் தெரியாத இடம்கூட இப்போது வெள்ளையாகத் தெரியும். புதிதாகப் பரவியது போல இருக்கும். உண்மையில் ஆறுகிற அடையாளமாக இருக்கலாம். இம்யூனோதெரபி என்னும் புது வகை ஊசியிலும் சிலருக்கு முதலில் கட்டி வீங்கிப் பிறகு சுருங்குவதுண்டு. அதற்காகவே 2017இல் தனி விதி போட்டார்கள்: மருந்து தொடங்கிய பிறகு முதல் தடவையாகக் கூடியது தெரிந்தால், ஆள் தெம்பாக இருக்கும்பட்சத்தில், நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் மறுபடி எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். இது சிலருக்குத்தான். எல்லா ஏற்றத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

நம் ஊருக்கு மட்டும் சில வார்த்தை

'பேரியம் குடிக்கச் சொல்றாங்க' என்று மீனம்பட்டி அண்ணாச்சி ஒருவர் ஸ்கேன் அறை வாசலிலேயே திரும்பி நடந்தார். பேரியம் என்றால் அவருக்குப் பட்டாசு ஆலையில் பச்சை வெளிச்சத்துக்குப் போடுகிற உப்பு. அதைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. வாயில் பட்டால் விஷம். அவர் பயந்தது சரியே. ஆனால் பட்டாசில் இருப்பது பேரியம் நைட்ரேட், தண்ணீரில் கரையும், உடம்பில் ஏறும். உணவுக்குழாயைப் படம் எடுக்கக் குடிக்கச் சொல்வது பேரியம் சல்பேட். அது கரையாது, போன வழியாகவே வெளியே வந்துவிடும். பெயரில் பாதி ஒன்று, குணம் வேறு.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவர்கள், கம்பி மத்தாப்புக்குக் கம்பி வெட்டும் வேலை, லேத் வேலை, வெல்டிங் பார்த்திருந்தால் சொல்லுங்கள். கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் தூள் தங்கியிருந்தால் காந்தம் அதை இழுக்கும். வெடி விபத்தில் காயம்பட்டு உள்ளே துகள் தங்கியவர்களும் சொல்ல வேண்டும். தீக்காயம் இன்னும் ஆறாமல் இருந்தால் அதையும்.

"ஆபீஸ்ல மருந்து ரூம்ல வேலை பாத்ததாலதான் வந்துச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே மருந்து என்றாலே இரண்டு பொருள், நோய்க்குக் கொடுப்பதும் வெடிக்குள் போடுவதும். ஸ்கேன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. கட்டி எங்கே, எவ்வளவு, போன தடவைக்கு என்ன வித்தியாசம் என்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் என்ன வேலை, எத்தனை வருடம், பீடி, வெற்றிலை, புகையிலை எல்லாம் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. எந்த ஸ்கேன் அதில் வரும், எந்த ஆஸ்பத்திரியில் வரும் என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் அந்த வழியை முதலில் பாருங்கள்.

மஞ்சப்பை

ராஜபாளையத்து ஐயா ஒருவருக்கு நுரையீரலில் 12 மி.மீ. முடிச்சு 'புதிது' என்று ரிப்போர்ட் வந்தது. புதிது என்றால் ப்ரோக்ரஷன், மருந்து மாற்ற வேண்டும். வீட்டில் மூன்று வாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பிறகு மருமகள் பீரோவைக் கிளறியபோது, வேறு ஊரில் ஒன்றரை வருடம் முன் எடுத்த ஸ்கேனின் சிடி வட்டு கிடைத்தது. போட்டுப் பார்த்தால் அதே இடத்தில் அதே 12 மி.மீ. எப்போதோ ஆறிப்போன பழைய தழும்பு. ரிப்போர்ட் எழுதியவர் கையில் ஒப்பிட எதுவும் இல்லாமல் எழுதியிருந்தார். கவுண்டரில் யாரும் பழைய படம் கேட்கவில்லை, இவர்களும் கொடுக்கவில்லை.

அடையாறில் பார்த்தாலும் சரி, திருவனந்தபுரத்தில் பார்த்தாலும் சரி, மதுரையில் பார்த்தாலும் சரி, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் சிடியைக் கேட்டு வாங்குங்கள். பிலிம் மட்டும் போதாது. பிலிமில் இருப்பது பொறுக்கி எடுத்த சில வில்லைகள், சிடியில்தான் முழுத் தண்டும் இருக்கிறது. பிலிமை வண்டிப் பெட்டியில் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள், சூட்டில் கறுக்கும். ஸ்கேன் தாளையும் இ.சி.ஜி. தாளையும் பத்திரம் என்று நினைத்து லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். சிவகாசியில் தெருவுக்கு ஒரு லேமினேஷன் கடை இருப்பதால் இந்தத் தப்பு இங்கே கொஞ்சம் அதிகமாகவே நடக்கிறது. சூட்டில் எழுத்தும் படமும் மொத்தமாகக் கறுத்துப் போகும். ஒவ்வொரு கவர் மேலும் மூன்றே விஷயம் பேனாவால் எழுதுங்கள்: எடுத்த தேதி, எந்த மருந்தில் எத்தனையாவது ஊசிக்குப் பிறகு, எந்த ஊர்.

டாக்டர் முன்னால் கேட்க நான்கு கேள்வி. முதல் ஸ்கேனைவிட எப்படி? இதுவரை இருந்ததில் நல்ல ஸ்கேனைவிட எப்படி? புதிதாக ஏதாவது இருக்கிறதா? அடுத்த ஸ்கேன் எப்போது? இதோடு நீங்களாகச் சொல்ல வேண்டியதும் உண்டு: சாப்பாடு எவ்வளவு இறங்குகிறது, வலி மாத்திரை கூடியிருக்கிறதா, எடை எவ்வளவு, மாடிப்படி ஏற முடிகிறதா. இவை எதுவும் படத்தில் தெரியாது.

அந்தத் திருத்தங்கல் அக்காவுக்கு டாக்டர் வேறு மருந்து தொடங்கினார். அடுத்த ஸ்கேனுக்கு வந்தபோது ஒரு மஞ்சப்பையில் நான்கு கவர், மேலே பையனின் கையெழுத்தில் தேதிகள். கவுண்டரில் கேட்குமுன்னே பையை எடுத்து வைத்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கேட்காவிட்டாலும் பழைய சிடியை நீட்டுங்கள்.